இருவாச்சி வேண்டாமென்ற பெட்டி

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியின் தர ஆய்வுப் பிரிவுக்கு வராத புகார் இல்லை. டேங்க் ஒழுகுகிறது, மூடி உட்காரவில்லை, ஒரே கோடையில் நிறம் வெளுத்துவிட்டது என்று வாடிக்கையாளர்கள் எழுதுவார்கள். நாங்களும் சளைக்காமல் பதில் எழுதுவோம். ஆனால் ஒரு பறவையிடமிருந்து புகார் வந்தது இதுதான் முதல் தடவை.

போர்னியோ தீவில், மலேசியாவின் சபா மாநிலத்தில், ஆற்றோரக் காட்டில் வாழும் ஒரு இருவாச்சி ஜோடி நாங்கள் செய்து அனுப்பிய கூட்டுப் பெட்டியை ஏற்க மறுக்கிறது, காரணம் கண்டுபிடித்து உடனே சரிசெய்யவும் என்று மின்னஞ்சல் வந்திருந்தது. நான் இரண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்தேன். மேனேஜர் சிரிக்கவில்லை. "ஆறு நாள் போய்ட்டு வாங்க மேடம்" என்றார்.

நாங்கள் செய்வது மொட்டைமாடித் தண்ணீர் டேங்க். பிளாஸ்டிக் பொடியை இரும்பு அச்சில் கொட்டி, அடுப்புக்குள் விட்டுச் சுற்றினால், பொடி உருகி அச்சோடு ஒட்டி டேங்க் ஆகிவிடும். மீன்காரர்கள் ஐஸ் போட்டு வைக்கும் இரட்டைச் சுவர்ப் பெட்டியையும் இதே முறையில்தான் செய்கிறோம். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே சூடேறாது. அதைப் பார்த்துத்தான் ஒரு பறவைப் பாதுகாப்புக் குழு, மரப்பொந்துக்குப் பதிலாகக் கட்டிவைக்க அதேபோலப் பத்துப் பெட்டிகள் கேட்டது. செய்து அனுப்பினோம், அனுப்பியதோடு நான் மறந்தும் போனேன்.

என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது. முன்பு ஒரு வருடம், சீனாவில் பயிற்சி என்று சொல்லிக் கம்பெனியில் எடுக்கவைத்து, பயிற்சியை ரத்து செய்துவிட்டார்கள். நாற்பத்தாறு வயதில் அதில் ஒரு முத்திரைகூடக் கிடையாது. குன்றத்தூரில் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் கணவர் நம்பவில்லை. "பறவை புகார் குடுத்தா பிளைட் ஏறி ஆள் போவுதா? நம்ம அபார்ட்மெண்ட் லிஃப்ட்டுக்குப் பத்து தடவ போன் பண்ணியும் ஒருத்தன் எட்டிப் பாக்கல" என்றார். எனக்கு அவர் புலம்பல் எதுவும் காதில் ஏறவில்லை. பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

என்னோடு வந்தவன் டேவிட். மண்ணூர்க்காரன், வயது இருபத்தொன்பது, எடை தொண்ணூறு கிலோ. அந்தப் பத்துப் பெட்டிகளையும் தன் ஷிப்டில், தன் கையால் அறுத்துத் துளை போட்டவன் அவன்தான். சரி என்று கையெழுத்துப் போட்டது நான்.

முதல் நாள் விமானம் இறங்கிய நகரத்திலிருந்து பிக்கப் வண்டியில் கிளம்பினோம். மழைக்காடு, மழைக்காடு என்று மனதில் ஓட்டிக்கொண்டே ஜன்னலை விட்டுத் தலையை எடுக்காமல் வந்தேன். இரண்டு மணி நேரம் எண்ணெய்ப்பனைதான் வந்தது. வரிசை பிசகாமல், ஒரே உயரத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. நம் ஊரில் மண்ணூர் தாண்டினால் காம்பவுண்ட் சுவர், அது முடிந்தால் அடுத்த காம்பவுண்ட் சுவர் என்று போகுமே, அதே சலிப்பு.

"இன்னா மேடம், காடு காடுன்னாங்க, ஒரே பனமரமா கீது?" என்றான் டேவிட்.

"இரு, வரும்."

"வூட்ல வேற குருவிக்கு வூடு கட்டப் போறேன்னு சொல்லிட்டு வந்துகிறேன். போட்டோ கேப்பாங்க."

ஆற்றங்கரையில் இறங்கியபோதுதான் காடு வந்தது. அக்கரையில் கரும்பச்சையாக, அடிமரம் தெரியாமல், மேலே பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்துக்கு எழுந்து நின்றது. உள்ளேயிருந்து விசில், குரைப்பு, ரம்பம் அறுப்பது என எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கேட்டது. அத்தனையும் பூச்சியும் பறவையும்தான் என்றார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது.

படகோடு எங்களுக்காகக் காத்திருந்தவள் ரோஸ்னா. ஆற்றோரக் கிராமத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். அவளும் ஊர்ப் பெண்கள் ஆறு பேரும் சேர்ந்துதான் இந்தக் காட்டில் மரம் ஏறிக் கூட்டுப் பெட்டிகளைக் கட்டிப் பராமரிக்கிறார்கள். அவளுக்கு என்னைப்போலவே தட்டுத்தடுமாறும் ஆங்கிலம். இரண்டு தடுமாற்றமும் சேர்ந்து ஆச்சரியமாக நன்றாகவே பேசிக்கொண்டன. இங்கே அவள் பேச்சைத் தமிழில் தருகிறேன்.

பாதி ஆற்றில் படகு நின்றது. மோட்டார் கத்துகிறது, விசிறி சுற்றவில்லை. மிதந்து வந்த கட்டையில் அடிபட்டு விசிறியைப் பிடித்திருக்கும் சிறு ஊசி முறிந்துவிட்டது என்றாள் ரோஸ்னா. மாற்று ஊசி கரையில் இருந்தது. படகு பாட்டுக்கு ஓட்டத்தோடு போக, "முதலை இருக்கிறதா?" என்று கேட்டேன். "நிறைய" என்றாள் மரியாதையாக. டேவிட் தன் டூல் பையிலிருந்து ஒரு பித்தளைக் கம்பியை எடுத்து, கட்டிங் பிளேயரால் நறுக்கி, படுத்தபடியே தண்ணீருக்குள் கையை விட்டு மாட்டிவிட்டான். மோட்டார் பிடித்தது. ரோஸ்னா அவன் முதுகில் ஒரு போடு போட்டாள். அதோடு அவன் அந்த ஊர்க்காரன் ஆகிவிட்டான்.

அன்றைக்குச் சாப்பாடு பச்சை மீன். வேகவைக்காத மீனைத் துண்டுபோட்டு எலுமிச்சைச் சாறு, இஞ்சி, மிளகாய், சின்ன வெங்காயம் சேர்த்துப் பிசைந்திருந்தார்கள். நான் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். புளிப்பும் காரமும் ஏறி, மீன் வாசனையே இல்லை. டேவிட் முகத்தைச் சுளித்தான், ஒரு வாய் தின்றான், பிறகு மூன்று தட்டு தின்றான். "அடுப்பே வேணாம் மேடம், கேஸ் மிச்சம்" என்றான்.

சாப்பிட்டுக்கொண்டே ரோஸ்னா விஷயத்தைச் சொன்னாள். இருவாச்சிக்குப் பொந்து குடையத் தெரியாது. பெரிய மரத்தில் தானாக விழுந்த பொந்துதான் வேண்டும். பெரிய மரங்களை வெட்டி ஏற்றிக்கொண்டு போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, மிச்சமிருப்பவை இளசு. பறவை இருக்கிறது, வீடு இல்லை. அந்த ஜோடி வருடாவருடம் முட்டையிட்ட மரமும் போன மழையில் சாய்ந்துவிட்டது. அதனால் அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே எங்கள் பெட்டியைக் கட்டியிருக்கிறார்கள்.

"வந்து பார்ப்பதே இல்லையா?" என்றேன்.

"தினம் வருகிறார்கள். நாளைக்கு நீயே பார்."

இரண்டாம் நாள் விடியும்போது படகில் இருந்தோம். ஒரகடத்தில் அந்த நேரத்துக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கும். இங்கே மரத்துக்கு மரம் குரங்குகள் கிளம்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் உதடு வரை தொங்கும் மூக்கு. கரையேறி நடந்தோம். ஈரம், இலை அழுகும் வாசனை, எங்கிருந்தோ பழம் புளித்த வாசனை. காலுறைக்குள் அட்டை புகுந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை, டேவிட்தான் அலறினான்.

திடீரென்று தலைக்கு மேலே ஃபாக்டரியில் காற்றடிக்கும் ஏர் ஹோஸ் கழன்றுகொண்டதுபோல் ஒரு சத்தம். நான் அனிச்சையாகக் குனிந்துவிட்டேன். ரோஸ்னா என் தாடையைப் பிடித்து மேலே திருப்பினாள்.

என்ன சொல்வது. கறுப்பு உடம்பு, வெள்ளை வால், குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. அலகுக்கு மேலே நெருப்பு நிறத்தில் மேல்நோக்கி வளைந்த ஒரு கொம்பு. இறக்கை அசைப்புதான் அந்தச் சத்தம். பின்னாலேயே இன்னொன்று. ஆணுக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு வெள்ளை என்று தொலைநோக்கியைக் கொடுத்தாள். பிள்ளைப்பாக்கம் ஏரியில் நாரை, கொக்கு, மீன்கொத்தி எல்லாம் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றை நான் கனவிலும் கண்டதில்லை. டேவிட் வாயைத் திறந்தவன் மூடவே இல்லை.

எங்கள் பெட்டி ஆறேழு மாடி உயரத்தில் ஒரு மரத்தோடு கட்டப்பட்டிருந்தது. பெண் பறவை அதன் வாசலில் தொற்றி, உள்ளே தலையை விட்டு, பிறகு முழுசாக நுழைந்துகொண்டது. ஆண் பறவை ஆற்றோரம் போய் ஈரமண் உருண்டையோடு திரும்பி வந்து ஊட்டியது. உள்ளேயிருந்து அலகை வைத்துத் தட்டும் சத்தம் கீழே வரை கேட்டது.

இருவாச்சியின் வழக்கம் அப்படி. முட்டையிடும் காலத்தில் பெண் பொந்துக்குள் போய், மண்ணையும் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலைத் தானே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல்தான் விடும். குஞ்சு பெரிதாகும் வரை மூன்று மாதத்துக்கு மேல் உள்ளேயே கிடக்கும். அத்தனை நாளும் சாப்பாடு புருஷன் பொறுப்பு. வாசல் அடைபடாவிட்டால் பாம்பு, மரநாய், எது வேண்டுமானாலும் உள்ளே வரும். அதனால் வாசல் அடைபடாமல் அது முட்டையிடாது.

பொத்தென்று ஒன்று எங்கள் பக்கத்தில் விழுந்தது. பூசின மண். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பொத். மரத்தடியில் பார்த்தேன், உலர்ந்தும் உலராமலும் மண் கட்டிகள் குவிந்து கிடந்தன. பெண் பறவை வெளியே வந்து வாசலில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. பிறகு இரண்டும் பறந்து போய்விட்டன.

"மூன்று வாரமாக இதேதான்" என்றாள் ரோஸ்னா.

எங்கள் தொழிலில் எந்தப் பழுதுக்கும் ஐந்து தடவை ஏன் என்று கேட்க வேண்டும். ஏன் முட்டையிடவில்லை? வாசல் அடைபடவில்லை. ஏன் அடைபடவில்லை? மண் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை? இந்த மூன்றாவது ஏன் வந்ததும் என் பிரிவின் பழைய புத்தி தலைகாட்டியது. பழுது என்று வந்தால் முதலில் வாடிக்கையாளர் தப்பாகப் பயன்படுத்தினார் என்று எழுதுவோம். "மண் சரியில்லை. மணல் ஜாஸ்தி" என்றேன் ரோஸ்னாவிடம், பெரிய நிபுணர் மாதிரி. டேவிட் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலையில் பனைத்தோட்ட மேனேஜர் லோகநாதன் வந்தார். அந்த ஊர்த் தமிழர். எங்களைப் பார்த்ததும் "வாங்க, பசியாறிட்டீங்களா?" என்று அவர் கேட்டதில் எனக்கு அப்படியே மனசு நிறைந்துவிட்டது. நாலு வார்த்தை ஊர்க்கதை பேசினோம். பிறகு அவர் சொன்னது நிறைந்ததை எல்லாம் வடித்துவிட்டது.

"இந்த ஆத்தோரக் காடு தோட்டத்தோட நெலம்தான். இதையும் வெட்டிக் கன்னு நடச் சொல்லி ஆர்டர் வந்திருச்சி. சனிக்கெழம மெஷின் வருது."

ஆறாம் நாள் சனிக்கிழமை. அன்று மாலைதான் நாங்களும் கிளம்ப வேண்டும்.

ரோஸ்னா அவருக்கு மலாயில் ஏதோ நீளமாகச் சொன்னாள். இந்தத் துண்டு போனால் மேலே இருக்கும் காட்டுக்கும் கீழே இருக்கும் காட்டுக்கும் தொடர்பு அறுந்துவிடும், பறவை பழம் தின்று விதை போடுவது நின்றுவிடும் என்று சொல்கிறாளாம். அவர் மொழிபெயர்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இவங்க சொல்றது நாயந்தான். ஆனா ஹெட் ஆபீஸுக்கு நான் எதக் காட்டறது? ஒரு கூடு இருக்கு, பறவ உள்ள இருக்குன்னா, நான் பேசி நிறுத்தறேன். அது என்னால முடியும். காலிப் பொட்டியக் காட்டி என்னத்த பேசறது?"

மூன்றாம் நாள் காலையில் நான் வாளியும் மண்ணுமாக உட்கார்ந்தேன். ஆற்று மண், களிமண், கரையான் புற்று மண் என்று வகைவகையாகக் குழைத்து, கட்டாமல் மிச்சமிருந்த இன்னொரு பெட்டியின் வாசலில் நானே பூசிப் பார்த்தேன். எல்லாமே கொஞ்ச நேரத்தில் வழுக்கி விழுந்தது. ரோஸ்னாவின் தோழிகள் வட்டமாக நின்று சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி சொன்னதை ரோஸ்னா எனக்குச் சொன்னாள்: "இந்தியாவிலிருந்து இரண்டு பெரிய குருவி வந்திருக்கிறது, அதுகளுக்கும் பூசத் தெரியவில்லை."

பிற்பகலில் ரோஸ்னா என்னையும் டேவிட்டையும் அந்தச் சாய்ந்த மரத்துக்குக் கூட்டிப்போனாள். விழுந்து கிடக்கும்போதே என் தோள் உயரத்துக்கு இருந்தது அதன் தண்டு. பொந்தின் வாசலில், போன பருவத்தில் பூசிய மண்ணின் விளிம்பு இன்னும் ஒட்டியிருந்தது. மரம் அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் அது பெயரவில்லை. நகத்தால் சுரண்டினேன், சிமெண்ட் மாதிரி இருந்தது. இதுவும் அதே ஆற்று மண்தான் என்றாள் ரோஸ்னா.

எந்தப் பொருளைக் கண்டாலும் அதன் விளிம்பில் விரல் ஓட்டிப் பார்ப்பது எனக்கு வழக்கம். இருபது வருடப் பழக்கம். கல்யாண வீட்டு எவர்சில்வர் தட்டில்கூட ஓட்டுவேன். அந்தப் பொந்தின் விளிம்பிலும் ஓட்டினேன். சிம்பும் சிராயுமாக விரலைக் கீறியது. ரத்தம் எட்டிப்பார்த்தது. அப்போது எனக்குப் புரிந்துவிட்டது.

பெட்டி கேட்ட குழு அனுப்பிய வரைபடத்தில் வாசல் விளிம்புக்கு நேரே, கரடுமுரடாகவே விடவும் என்று ஒரு குறிப்பு இருந்தது. ரம்பத்தில் அறுத்த விளிம்பை எவனாவது அப்படியே விடச் சொல்வானா, வரைந்தவன் தப்பாக எழுதியிருக்கிறான் என்று முடிவு கட்டியவள் நான். எங்கள் பக்கத்தில் ஒரு பொருளில் பிசிறு இருந்தால் அந்த லாட்டே திரும்பி வரும். லைனில் இருக்கும் யாரைக் கேட்டாலும் பிசிறை எடுப்பதைத்தான் முதல் வேலையாகச் சொல்வார்கள். பத்துப் பெட்டியையும் நான் திருப்பி அனுப்பினேன். அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, லேசாக நெருப்புக் காட்டி, கண்ணாடிபோல வழவழப்பாக்கிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அந்த வழவழப்பில்தான் மூன்று வாரமாக ஒரு தாய் மண் பூசிப் பூசித் தோற்றுக்கொண்டிருக்கிறாள்.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். ரோஸ்னாவிடம் சொல்லாமல், சின்ன மாற்றம் செய்கிறோம் என்று சமாளித்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. டேவிட்டைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"நேத்து மண்ணு வுழும்போதே தெரிஞ்சிடுச்சி மேடம். அன்னிக்கே ட்ராயிங்ல ரஃப்புனு போட்டுகீதுன்னு நான் சொன்னேன். நீங்கதான் யாரு கையையாவது கிழிக்கும், தேய்யின்னீங்க."

"நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன்."

ரோஸ்னாவிடம் சொன்னேன். தப்பு பெட்டியிலும் இல்லை, மண்ணிலும் இல்லை, என் கையெழுத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவளுக்குக் கோபம்தான், மறைக்கவும் இல்லை. "மூன்று வாரம்" என்றாள். பிறகு, "எவ்வளவு நேரத்தில் சரிசெய்யலாம்?" என்றாள். எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

பெட்டியைக் கீழே இறக்கக் கூடாது, இடம் மாறிவிட்டது என்று ஜோடி போய்விடும். நடுப்பகலில் இரண்டும் அத்திப்பழம் தேடி அக்கரைக்குப் போகும் இரண்டு மணி நேரத்தில், மேலேயே வேலையை முடிக்க வேண்டும். சாய்ந்த மரத்தின் பொந்து விளிம்பிலிருந்து, பழைய மண் ஒட்டியிருந்தபடியே, நாலு துண்டு மரத்தை டேவிட் அறுத்தெடுத்தான். எங்கள் வாசலைச் சுற்றி அதைத் திருகு போட்டு முடுக்குவது, மிச்ச இடத்தை ரம்பப் பல்லால் கீறிவிடுவது என்று திட்டம்.

நான்காம் நாள். மேலே போக வேண்டியவன் டேவிட்தான். ஆனால் இடுப்புப் பட்டை அவனுக்கு முக்கால்வாசிதான் சுற்றியது. பெண்கள் மறுபடி சிரித்தார்கள். ரோஸ்னாவுக்கு ஏறத் தெரியும், திருகு ஏற்றிப் பழக்கமில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

குன்றத்தூர் கோயில் படியில் பாதியில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடிக்கிறவள் நான். பட்டையை மாட்டி, கயிற்றைக் கட்டி, ஆறு பெண்களும் டேவிட்டும் சேர்ந்து கிணற்று வாளியை இழுப்பதுபோல் என்னை இழுத்தார்கள். ரோஸ்னா முன்னமே மேலே ஏறி உட்கார்ந்திருந்தாள். முதல் கிளை வரை கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது காட்டின் மேல்பக்கத்தில் இருந்தேன். ஆறு கீழே வளைந்து கிடந்தது, அக்கரை மரங்களில் ஒன்று முழுக்கச் சிவப்பாகத் தளிர்த்திருந்தது. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். கீழேயிருந்து டேவிட், "இன்னா மேடம், ஆச்சா?" என்று கத்தினான்.

"இப்பதான்டா வந்தேன்."

பெட்டியின் உள்பக்கத்தில் என் பிரிவின் பச்சை ஸ்டிக்கர், அதில் என் கையெழுத்து. பக்கத்தில் அலகு பட்ட கீறல்கள். ரம்பப் பிளேடை எடுத்து அந்த வழவழப்பான விளிம்பில் முதல் கீறல் போட எனக்குக் கை வரவில்லை, நிஜமாகவே வரவில்லை. ரோஸ்னா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். பிறகு நானே கீறினேன். குறுக்கும் நெடுக்குமாக, பிசிறு எழும்பும்படி, இருபது வருடம் எதையெல்லாம் திருப்பி அனுப்பினேனோ அதையெல்லாம் ஒரே விளிம்பில் செய்தேன். டேவிட் கீழேயிருந்து, "லெப்ட்ல மொதல்ல முடுக்குங்க, டைட் வெச்சா மரம் பொளந்துக்கும்" என்று சொல்லச் சொல்ல மரத்துண்டுகளை வரிசையாகத் திருகினேன். கடைசியில் விரல் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகக் கீறியது.

ஐந்தாம் நாள் விடியலிலிருந்து மழை. ஓலைத் தடுப்புக்குப் பின்னால் குந்தியிருந்தோம். ஜோடி வரவே இல்லை. மாலை வரை பார்த்தோம். மனித வாசனை அடித்து ஒதுங்கிவிட்டதோ என்று ரோஸ்னா மெல்லச் சொன்னாள். அன்று சோற்றோடு பெரிய ஆற்று இறால் வறுவல் இருந்தது, யாரும் ருசித்துச் சாப்பிடவில்லை. டேவிட்கூட ஒரு தட்டோடு எழுந்துவிட்டான். தோட்டத்துச் சாலையில் லாரி ஒன்று மண்வெட்டி இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வந்து நின்றிருப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள் ஒரு தோழி.

சனிக்கிழமை காலை வெளிச்சம் வருவதற்குள் மரத்தடிக்குப் போய்விட்டோம். மழை விட்டிருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தோம். முதலில் எங்கோ தூரத்தில் அந்த ஏர் ஹோஸ் சத்தம். ரோஸ்னா என் தொடையைக் கிள்ளினாள். இரண்டும் வந்து இறங்கின.

பெண் பறவை வாசலில் தொற்றியது. தலையைச் சாய்த்து மரத்துண்டைப் பார்த்தது. அலகின் பக்கவாட்டை அதன்மேல் வைத்து ஒரு முறை தேய்த்தது. நான் என் வாழ்நாளில் எத்தனையோ வாடிக்கையாளர் ஆய்வுகளைச் சந்தித்திருக்கிறேன், இப்படி எதற்கும் மூச்சைப் பிடித்ததில்லை. அது உள்ளே போனது. ஆண் பறவை மண் கொண்டுவந்தது. தட்டும் சத்தம் கேட்டது. நாங்கள் மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதுவும் விழவில்லை.

இன்னொரு உருண்டை. இன்னொன்று. எதுவும் விழவில்லை. டேவிட் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். "ஒட்டிக்கிச்சி மேடம், ஒட்டிக்கிச்சி" என்று உதட்டை மட்டும் அசைத்தான்.

வெயில் ஏறுவதற்குள் வாசல் பாதியாகக் குறைந்துவிட்டது. அப்போதுதான் லோகநாதன் பிக்கப்பில் வந்தார். பனை வரிசை முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். நான் தொலைநோக்கியை நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். மேலே அந்தப் பெண் பறவை தன் வெள்ளைக் கண்ணை வாசலில் வைத்து ஒரு தடவை வெளியே பார்த்தது, பிறகு அந்த இடத்திலும் மண்ணை அப்பியது.

"அது இனி வெளிய வராதா?"

"மூணு மாசத்துக்கு மேல ஆகும்" என்றேன்.

"வாசல மூடிக்கிட்டு?"

"ஆமா."

அவர் நாலைந்து படம் எடுத்தார். தள்ளிப் போய் போனில் மலாயில் தாழ்ந்த குரலில் பேசினார். ரோஸ்னா காதைத் தீட்டிக்கொண்டு எனக்குச் சொன்னாள். "இயந்திரம் இந்தப் பக்கம் இறங்க வேண்டாம் என்கிறார். கூடு இருக்கிறது, நான் கண்ணால் பார்த்தேன், பொறுப்பு என்னுடையது என்கிறார். அவர் திருப்பிச் சொல்வதைப் பார்த்தால் ஹெட் ஆபீஸில் சரி என்கிறார்கள். ஆற்றோரம் முழுக்க விட்டுவிடலாம் என்று எழுதித் தரச் சொல்கிறார்கள்." அதற்குமேல் அவளால் மொழிபெயர்க்க முடியவில்லை. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நானும் அழுதேன், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

எங்களைப் படகுத்துறை வரை கொண்டுவிடுவதாக லோகநாதன் சொன்னார். நாலு பேரும் வண்டிக்குப் போனோம். அவர் ஏறி உட்கார்ந்து சாவியில் கை வைத்தார். கை வைத்தவர் மரத்தைத் திரும்பிப் பார்த்தார். இறங்கிவிட்டார்.

"கொஞ்சம் தள்ளிக் குடுங்களேன். அந்த முக்குல போயி ஸ்டார்ட் பண்ணிக்கலாம்."

டேவிட் பின்னால் தோளைக் கொடுத்தான். நானும் ரோஸ்னாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். லோகநாதன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவரும் தள்ளினார். மழை பெய்த மண் சாலை, என் ஷூ இரண்டு தடவை சேற்றில் மாட்டிக்கொண்டது. முக்கு வந்தது. மூச்சு வாங்க நான் நின்றேன்.

லோகநாதன் காதைக் கொடுத்துக் கேட்டார். தூரத்தில் அந்தத் தட்டும் சத்தம் இன்னும் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்ச தூரம்" என்றார்.